கரன்ட் போகும் மலையில் எந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டர்? கிரான், ஏர்ஃப்ளோ, பிரிஃபெக்ட், டாக்ஸ்டர்: ஓர் ஒப்பீடு

குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் சிறு விவசாயிகளின் சங்கங்களிலும் கணினி வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது: "கிரானில் ஆரம்பித்த ஸ்கிரிப்ட் பத்து, இருபது என்று பெருகிவிட்டது. ஏர்ஃப்ளோ போடலாமா? பிரிஃபெக்ட், டாக்ஸ்டர் என்கிறார்களே, அவை நமக்கு ஒத்துவருமா?" கிரான் என்பது லினக்ஸில் குறித்த நேரத்துக்கு ஸ்கிரிப்டை ஓட்டும் எளிய கருவி. ஏர்ஃப்ளோ, பிரிஃபெக்ட், டாக்ஸ்டர் மூன்றும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர்கள்: பல வேலைகளை நேரம் பார்த்து, வரிசைப்படி ஓட்டி, எது ஓடியது, எது தோற்றது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் மென்பொருள்கள். ஒரு வேலை ஒருமுறை ஓடுவதை இங்கே 'ஓட்டம்' என்கிறோம்.

இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் கரன்ட்டும் நெட்டும் ஒருபோதும் போகாத டேட்டா சென்டரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நீலகிரியில் நிலைமை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா பக்கத்தைப் பிடிக்கும். அது ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி சரிவுகளுக்கு வந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை வேண்டாம், சாலையோரம் ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தாலே அந்தப் பகுதியில் கரன்ட் இல்லை, சற்று நேரத்தில் டவரும் இல்லை. ஆகவே இங்கே முதல் கேள்வி "எதில் வசதி அதிகம்" என்பதல்ல. ஓடாமல் விட்ட ஓட்டத்தை அந்த மென்பொருள் எப்படி நடத்துகிறது என்பதுதான்.

ஒப்பிட வசதியாக ஒரு மாதிரி வேலையை வைத்துக்கொள்வோம். மாலை 7 மணிக்கு 12 இலை சேகரிப்பு மையங்களிலிருந்து எடை ஃபைல் வருகிறது. காலை 8.30க்கு மழைமானி அளவு. வாரம் ஒருமுறை குன்னூர் ஏல விலை. மாதம் ஒருமுறை தேயிலை வாரியம் அறிவிக்கும் பசுந்தேயிலைக் குறைந்தபட்ச சராசரி விலை. இவ்வளவும் சேர்ந்து கடைசியில் ஒரு தாளாக முடிகிறது: இந்த மாதம் இந்த உறுப்பினருக்கு எவ்வளவு பணம். அந்தத் தாளில் பிழை வந்தால் பாதிக்கப்படுவது அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம். அதனால்தான் இந்தத் தேர்வை அலட்சியமாகச் செய்யக்கூடாது.

## எதை வைத்து எடைபோடுவது

விட்டுப்போன ஓட்டம். இரண்டு நாள் இயந்திரம் அணைந்து கிடந்தது. கரன்ட் வந்ததும் மென்பொருள் என்ன செய்யும்? ஒன்றுமே செய்யாதா, ஒரே ஒரு முறை ஓட்டுமா, விட்ட ஒவ்வொன்றையும் ஓட்டுமா, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பி இயந்திரத்தைத் திணறவைக்குமா? இந்த நான்கு நடத்தைகளும் கீழே வரும் கருவிகளில் உண்டு.

பாதியில் செத்த ஓட்டம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் போனால், அந்த ஓட்டம் செத்துவிட்டது என்று மென்பொருளுக்கு எப்போது தெரியும்?

தேதிக் குழப்பம். இந்தக் கருவிகளில் மூன்று, தானாக எடுத்துக்கொள்வது உலகப் பொது நேரத்தை. அதில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை 5.30. மழைக் கணக்கு இன்னும் சிக்கல். வானிலைத் துறை வழக்கப்படி 16ஆம் தேதி காலை 8.30க்கு எடுக்கும் அளவு 16ஆம் தேதி மழையாகவே பதிவாகும். ஆனால் அந்த மழையில் பெரும்பகுதி பெய்தது 15ஆம் தேதி. மென்பொருள் இதற்கு எந்தத் தேதியை ஒட்டுகிறது என்பது தெரியாமல் மழையையும் இலை எடையையும் சேர்த்தால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போகும்.

இயந்திரச் சுமை. பல இடங்களில் இருப்பது 4 ஜிபி அல்லது 8 ஜிபி நினைவகமுள்ள பழைய மேசைக்கணினி ஒன்றுதான்.

பார்த்துக்கொள்ள ஆள். எழுதிய பையன் கோவைக்கோ பெங்களூருக்கோ வேலை கிடைத்துப் போய்விடுவான். அடுத்து வருபவர் திரையைப் பார்த்து எது ஓடியது, எது ஓடவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும்.

## கருவிக்கு முன்னால் சரிசெய்ய வேண்டியவை

எந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டர் வாங்கினாலும் ஸ்கிரிப்டில் மூன்று குறைகள் இருந்தால் அது அவற்றைப் பெரிதாக்கத்தான் செய்யும்.

ஒன்று, மறுபடி ஓட்டினால் கணக்கு இரட்டிக்கும் ஸ்கிரிப்ட். ஓர் உறுப்பினர் போட்ட 38 கிலோ, இரண்டாம் முறை ஓடியதும் 76 கிலோ ஆகிவிடும். புதிய வரி சேர்க்கும் 'இன்சர்ட்' கட்டளையை மட்டும் போட்டால் இப்படித்தான். மைய எண், தேதி, எடைச்சீட்டு எண் மூன்றையும் சேர்த்து டேட்டாபேஸில் தனித்தன்மைச் சாவியாக வையுங்கள். அதே சீட்டு மறுபடி வந்தால் புதிய வரி சேராமல் பழைய வரியே திருத்தப்பட வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 'ஆன் கான்ஃப்ளிக்ட்' என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது.

இரண்டு, பாதி ஃபைல். மையத்திலிருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது நெட் அறுந்தால் 140 சீட்டில் 90 மட்டும் வந்து நிற்கும். படிக்கும் ஸ்கிரிப்டுக்கு அது முழு ஃபைலாகவே தெரியும். பிழை என்று எதுவும் காட்டாது. ஆகவே ஏறும்போது தற்காலிகப் பெயர், முழுதாக ஏறிய பிறகே உண்மைப் பெயர். அதோடு ஃபைலின் கடைசி வரியில் மொத்தச் சீட்டு எண்ணிக்கையும் மொத்தக் கிலோவும் இருக்கட்டும். அந்த வரி இல்லாத ஃபைலைத் தொடவே கூடாது.

மூன்று, 'இன்றைய தேதி'. ஸ்கிரிப்டுக்குள் இன்றைய தேதியை எடுக்கும் வரி இருந்தால், செவ்வாய்க்கிழமை ஓட்டத்தை வியாழக்கிழமை ஓட்டும்போது அது வியாழன் கணக்கில் விழும். எந்த நாளுக்காக ஓடுகிறது என்பதை வெளியிலிருந்து தேதியாகக் கொடுக்க வேண்டும். ஆர்க்கெஸ்ட்ரேட்டர்மேல் சொல்லப்படும் புகார்களில் கணிசமானவை ஆராய்ந்தால் இந்த ஒரு வரியில்தான் போய் முடியும்.

## கிரானும் சிஸ்டம்டி டைமரும்

ஐந்தாறு வேலைகள், ஒரே இயந்திரம், ஒன்றையொன்று அதிகம் சாராதவை என்றால் இதைத் தாண்டிப் போகவே வேண்டாம். நினைவகச் செலவு இல்லை, தனி டேட்டாபேஸ் இல்லை, பதிப்பு மாற்றத் தொல்லை இல்லை.

ஆனால் கிரானுக்கு ஞாபகம் கிடையாது. மாலை 7 மணிக்கு இயந்திரம் அணைந்திருந்தால் அந்த ஓட்டம் போனது போனதுதான். லினக்ஸில் கிரானுக்கு மாற்றாக இருக்கும் சிஸ்டம்டி டைமரில் 'பெர்சிஸ்டன்ட்' என்ற அமைப்பை 'ட்ரூ' என்று வைத்தால், இயந்திரம் எழுந்ததும் விட்ட ஓட்டத்தை ஓட்டும். இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும்: மூன்று நாள் விட்டிருந்தாலும் அது ஓட்டுவது ஒரே ஒரு முறை. ஆகவே ஸ்கிரிப்ட்தான் கடைசியாக ஏற்றிய தேதியைப் பார்த்து, அதற்கு அடுத்த நாளிலிருந்து நேற்றுவரை ஒவ்வொரு நாளாக ஏற்ற வேண்டும். இருபது வரிக் கோடு. அதை எழுதிவிட்டால் இந்த ஒப்பீட்டில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கிரானில் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள்: கிரான் ஓடும் சூழலில் 'பாத்' (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) மிகக் குறுகியது, அதனால் கையால் ஓட்டினால் ஓடும் பைத்தான் அங்கே கிடைக்காது, முழுப் பாதையை எழுதுங்கள். கிரான்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் அது வரிமுறிவாக எடுத்துக்கொள்ளப்படும், முன்னால் பின்சாய்வு போட வேண்டும். முந்தைய ஓட்டம் முடியாமலே அடுத்தது கிளம்பிவிடும். 'எஃப்லாக்' போட்டுப் பூட்டுங்கள்.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. 4ஆம் தலைமுறை வரை அதில் நேரத்தைக் காக்கும் கடிகாரச் சில்லு கிடையாது. 5இல் உண்டு, ஆனால் அதற்கான மின்கலத்தைத் தனியாக மாட்ட வேண்டும். கரன்ட் வந்து நெட் வராத நேரத்தில் அது பழைய நேரத்தையே காட்டும், சீட்டுகளெல்லாம் பழைய தேதியில் பதிவாகும். ஒரு சிறிய கடிகாரத் தொகுதியை மாட்டிவிட்டால் தீர்ந்தது. எஸ்டி கார்டும் திடீர்ப் பவர் கட்டைத் தாங்காது, எஸ்எஸ்டிக்கு மாறுங்கள்.

பெரிய குறை, கிரான் தோற்றால் சத்தமே போடாது. ஹெல்த்செக்ஸ் போன்ற சேவையில், ஓட்டம் முடிந்ததும் ஒரு தட்டு தட்டச் சொல்லலாம். குறித்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால் அது உங்களுக்குச் செய்தி அனுப்பும். மலையில் அந்தச் சலுகை நேரத்தை 3 மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். 15 நிமிடம் வைத்தால் ஒவ்வொரு சின்னப் பவர் கட்டுக்கும் செய்தி வரும், ஒரு மாதத்தில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

## ஏர்ஃப்ளோ

2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்துக்குள் தொடங்கி, 2019இல் அப்பாச்சியின் முழுநிலைத் திட்டமான மென்பொருள் இது. கற்றவர்கள் அதிகம், இணைப்புகள் அதிகம், எந்தப் பிழைச்செய்தியைத் தேடினாலும் யாராவது பதில் எழுதி வைத்திருப்பார்கள். கோவையில் ஆள் தேடினாலும் ஏர்ஃப்ளோ தெரிந்தவர்தான் எளிதில் கிடைப்பார். இந்த வலிமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

சுமைதான் முதல் தடை. ஷெட்யூலர், வலைச் சேவையகம், கோப்புகளைப் படிக்கும் செயலி, இவற்றுக்குப் பின்னால் ஒரு டேட்டாபேஸ் என்று பல பகுதிகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவர்கள் தரும் டாக்கர் தொகுப்புக்கு (தேவையான எல்லாவற்றையும் ஒன்றாகப் பொதிந்து ஓட்டும் முறை) குறைந்தது 4 ஜிபி, முடிந்தால் 8 ஜிபி கொடுக்கச் சொல்கிறார்கள். அது ஏர்ஃப்ளோவுக்கு மட்டும். உங்கள் வேலைக்கு அதற்கு மேல். எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் வைத்து ஓட்டுவது பழகிப் பார்க்க மட்டுமே. உண்மைக் கணக்குக்குப் போஸ்ட்கிரெஸ் வேண்டும். ஒரே இயந்திரம் என்றால், வேலைகளை அதே இயந்திரத்தில் ஓட்டும் 'லோக்கல் எக்ஸிக்யூட்டர்' போதும். பல இயந்திரங்களுக்கு வேலையைப் பகிரும் செலரி, குபர்னெட்டிஸ் பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது தேதி. இரண்டாம் பதிப்பில் தினசரி வேலை என்று சொன்னால், 15ஆம் தேதிக்கான ஓட்டம் அந்த நாள் முடிந்த பிறகே, அதாவது 16ஆம் தேதி ஓடும். ஒட்டும் தேதி 15. கணக்கு நாள் முடிந்தால்தானே அந்த நாளின் கணக்கைப் போட முடியும் என்பது அதன் நியாயம். சிற்றேட்டில் அன்றாடக் கணக்கு எழுதிப் பழகியவருக்கு இது எளிதில் பிடிபடும். ஆனால் 2025இல் வந்த மூன்றாம் பதிப்பில் கிரான் பாணி அட்டவணைக்கு இந்த நடத்தை மாறிவிட்டது: ஓடும் நேரமே ஒட்டும் நேரம். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது கோட்டில் ஒரு எழுத்தும் மாற்றாவிட்டாலும் தேதி ஒரு நாள் நகரும். மாறுபவர்கள் 'கிரியேட் கிரான் டேட்டா இன்டர்வல்ஸ்' என்ற அமைப்பைப் பாருங்கள். பழையபடி வேண்டுமென்றால் அதை 'ட்ரூ' ஆக்க வேண்டும்.

விட்ட ஓட்டத்துக்கு 'கேட்ச்அப்' என்ற அமைப்பு. இரண்டாம் பதிப்பில் அது தானாகவே இயங்கும் நிலையில் இருந்தது, மூன்றில் தானாகவே அணைந்த நிலை. இதையும் பதிப்பின் பொறுப்பில் விடாமல் ஒவ்வொரு வேலையிலும் வெளிப்படையாக எழுதிவையுங்கள். இலை எடைக்கு 'ட்ரூ'. மழைமானியிலிருந்து 'இப்போதைய அளவை' மட்டும் எடுக்கும் வேலைக்கு 'ஃபால்ஸ்', ஏனென்றால் நேற்றைய அளவை இன்று கேட்டுப் பயனில்லை. 'ட்ரூ' என்றால் கூடவே, ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டம் என்று வரம்பு கட்டும் 'மேக்ஸ் ஆக்டிவ் ரன்ஸ்' என்பதை 1 ஆக்குங்கள். தானாக இருப்பது 16. மணிக்கொரு வேலை மூன்று நாள் நின்றிருந்தால் 72 ஓட்டங்கள் காத்திருக்கும். அவை 16 பதினாறாக எழுந்தால் 8 ஜிபி இயந்திரம் திணறிப்போகும்.

பாதியில் செத்த வேலையை ஏர்ஃப்ளோ ஓரளவு நன்றாகவே கண்டுபிடிக்கிறது. ஓடும் வேலை அவ்வப்போது அனுப்பும் 'உயிரோடு இருக்கிறேன்' என்ற செய்தி, அதாவது உயிர்த்துடிப்பு, சில நிமிடங்கள் வராவிட்டால் அது தோற்றதாகக் குறிக்கும். ஆனால் மறுமுயற்சி எண்ணிக்கை தானாக 0. நீங்கள் 'ரீட்ரைஸ்' 3, இடைவெளி 10 நிமிடம் என்று கொடுத்தால்தான் மறுபடி ஓடும்.

மையங்களின் ஃபைலுக்காகக் காத்திருக்கும் 'சென்சார்' இன்னொரு பொறி. 12 மையத்துக்கு 12 சென்சார் போட்டால், ஃபைல் வரும்வரை அவை 12 வேலை இடங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வந்த ஃபைலை ஏற்ற இடம் இருக்காது. அவற்றின் முறையை 'ரீஷெட்யூல்' என்று மாற்றுங்கள், இடத்தை விட்டுவிட்டு அவ்வப்போது மட்டும் வந்து பார்க்கும். டேட்டாபேஸைத் தொடும் வரிகளை வேலைக்கு வெளியே, கோப்பின் மேல்மட்டத்தில் எழுதாதீர்கள். ஏர்ஃப்ளோ அந்தக் கோப்பைச் சுமார் 30 விநாடிக்கு ஒருமுறை படித்துக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் அந்த வரி ஓடும்.

கிளவுடில் நிர்வகிக்கப்பட்ட ஏர்ஃப்ளோ அமேசானிடமும் கூகுளிடமும் உண்டு. பொதுவாக, வேலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தச் சூழல் நின்றுகொண்டிருக்கும் நேரத்துக்கெல்லாம் கட்டணம் ஏறும். நாளுக்கு இருபது நிமிட வேலைக்கு அது நியாயமான செலவு அல்ல.

## பிரிஃபெக்ட்

ஏற்கெனவே எழுதிய பைத்தான் ஃபங்ஷன்மேல் ஒரு வரி ஒட்டினால் அது 'ஃப்ளோ' ஆகிவிடும். ஒரு மதியத்தில் பழைய ஸ்கிரிப்டைக் கொண்டுவந்துவிடலாம். தொடங்குவதற்கு இந்த நான்கிலும் இதமானது இதுதான், கிரானைத் தவிர.

மலைக்கு இது ஒத்துவரக் காரணம் அதன் அமைப்பு. அட்டவணையும் திரையும் கிளவுடில் இருக்கும்; வேலை ஓடுவது உங்கள் தொழிற்சாலைக் கணினியில். அந்தக் கணினிதான் வெளியே போய் "எனக்கு வேலை இருக்கிறதா" என்று கேட்கும். வெளியிலிருந்து உள்ளே வர வழி திறக்கத் தேவையில்லை. சிம் கார்டு மோடத்துக்குப் பின்னால், நிலையான ஐபி முகவரி இல்லாமல் இருக்கும் பந்தலூர் மையத்துக்கு இது பெரிய நிம்மதி. டேட்டா வெளியே போகாது, ஓட்டத்தின் நிலை மட்டுமே போகும். ஆனால் லாக்கில் நீங்கள் அச்சிடுவதும் சேர்ந்து போகும், ஆகவே உறுப்பினரின் வங்கிக் கணக்கு எண்ணை லாக்கில் எழுதிவிடாதீர்கள்.

கணினி அணைந்திருந்தால் அட்டவணைப்படியான ஓட்டங்கள் 'லேட்' என்ற நிலையில் காத்திருக்கும். எழுந்ததும் எல்லாவற்றையும் எடுக்கும். எடுக்கும் என்றால் மொத்தமாக எடுக்கும். ஓட்டங்கள் காத்திருக்கும் வரிசையான ஒர்க் பூலில் ஒரே நேர ஓட்டத்தின் வரம்பை 1 அல்லது 2 என்று கட்டுங்கள். எந்த நாளுக்கு என்பதை, ஓட்டத்தின் திட்டமிட்ட தொடக்க நேரத்திலிருந்து எடுக்க வேண்டும்.

இனி கசப்பான பக்கம். ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், அந்த ஓட்டம் 'ரன்னிங்' என்ற நிலையிலேயே தொங்கி நிற்கும். செத்தது என்று சொல்ல ஆள் இல்லையே. நீங்கள் வரம்பை 1 என்று கட்டியிருந்தால் அந்தச் செத்த ஓட்டமே அந்த ஒரு இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அடுத்தது எதுவும் ஓடாது. திரையிலோ எல்லாம் ஓடுவதுபோலத் தெரியும். இதற்கு உயிர்த்துடிப்பு இடைவெளி அமைப்பை இயக்கி, துடிப்பு நின்றால் அந்த ஓட்டத்தைச் செத்ததாகக் குறிக்கும் தானியங்கி விதி ஒன்றை எழுத வேண்டும். இது தானாக வராது. மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

இரண்டாவது, பழைய நாட்களை வரிசையாக மறுபடி ஓட்டும் வசதி ஏர்ஃப்ளோ, டாக்ஸ்டர் அளவுக்கு இல்லை. தேதியை அளவுருவாகக் கொடுத்து நீங்களே சுற்றி ஓட்ட வேண்டும். மூன்றாவது, பதிப்பு மாற்றம். ஒன்றிலிருந்து இரண்டுக்கு வந்தபோது, 2022இல், கோட்டை ஏறத்தாழ மறுபடி எழுத வேண்டியிருந்தது. 2024இல் வந்த மூன்று அவ்வளவு கடுமையில்லை, ஆனால் வேலையை எடுத்து ஓட்டும் பழைய 'ஏஜென்ட்' முறை போய்விட்டது. இணையத்தில் கிடைக்கும் பாடம் எந்தப் பதிப்புக்கானது என்று முதலில் பாருங்கள். கிளவுடின் இலவசத் திட்டத்தின் வரம்புகளையும் சேரும் அன்றே படித்துவிடுங்கள். சொந்தமாகச் சேவையகம் வைத்தால் எஸ்கியூலைட்டில் தொடங்கும், சில வாரங்களில் போஸ்ட்கிரெஸுக்கு மாறிவிடுங்கள்.

## டாக்ஸ்டர்

மற்றவை "எந்த வேலை ஓட வேண்டும்" என்று கேட்கும். டாக்ஸ்டர் "எந்தப் பட்டியல் உருவாக வேண்டும்" என்று கேட்கும். 'தினசரி இலை எடை', 'மாத விலை', 'உறுப்பினர் மாதக் கணக்கு' ஆகிய ஒவ்வொன்றும் ஒரு 'அசெட்'. எது எதிலிருந்து பிறக்கிறது என்பதைக் கோட்டிலேயே எழுதுவீர்கள். கணக்கர் ஒருவர் பதிவேடுகளை நினைப்பதும் இப்படித்தான்: எடைப் பதிவேடு, விலைப் பதிவேடு, பட்டுவாடாப் பதிவேடு.

இதன் உண்மையான பலம் 'பார்ட்டிஷன்'. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். திரையில் மாதத்தின் கட்டங்கள் வரிசையாகத் தெரியும். உருவான நாள் பச்சை, விட்ட நாள் வெறுமை, தோற்றது சிவப்பு. கரன்ட் போய் வந்த பிறகு எந்த நாள் விட்டது என்று டேட்டாபேஸில் தேட வேண்டாம், வெறும் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து 'பேக்ஃபில்' அழுத்தினால் போதும். கோடு தெரியாத கணக்கரும் இதைச் செய்யலாம். விலை அறிவிப்பு வந்த பிறகு ஒரு மாதத்தை முழுதாக மறுபடி போட வேண்டும் என்றாலும் அதே வழிதான்.

மழைக் கணக்குக்கு இதில் அழகான பொருத்தம் ஒன்று உண்டு. தினசரிப் பார்ட்டிஷனுக்கு மணி விலகல் 8, நிமிட விலகல் 30, நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்தால், நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை ஆகிவிடும். கட்டத்துக்கு ஒட்டப்படும் பெயர் தொடங்கிய நாளின் தேதி. வானிலைத் துறையின் பதிவில் முடிந்த நாளின் தேதி. இரண்டையும் சேர்க்கும் இடத்தில் ஒரு நாள் கூட்டுங்கள், அதைக் கோட்டில் ஒரு குறிப்பாகவும் எழுதிவையுங்கள்.

'அசெட் செக்' என்பதையும் விடாதீர்கள். மையம் அனுப்பிய மொத்தக் கிலோவும் ஏறிய சீட்டுகளின் கூட்டுத்தொகையும் ஒன்றா? தொழிற்சாலையில் அன்று வந்த தேயிலைத்தூள், பசுந்தேயிலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைச் சுற்றி இருக்கிறதா? மீறினால் பட்டுவாடாக் கணக்கைத் தடுத்து நிறுத்தலாம்.

கற்க நேரம் பிடிக்கும். ரிசோர்ஸ், ஐஓ மேனேஜர், கோட் லொகேஷன் என்று புதிய சொற்கள் வரிசையாக வரும். முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் போகும். தொடக்கத்தில், பட்டியலை எங்கே சேமிப்பது என்பதைப் பார்த்துக்கொள்ளும் ஐஓ மேனேஜரைத் தொடாமல் நேரடியாக டேட்டாபேஸில் எழுதுங்கள். நிறுவும்போது 'டாக்ஸ்டர் ஹோம்' என்ற சூழல் மாறியில் நிலையான அடைவைக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வரலாறு தற்காலிக இடத்தில் எழுதப்பட்டு, மறுபடி தொடங்கும்போது காணாமல் போகும். அட்டவணைகளை நடத்துவது 'டீமன்' என்ற தனிச் செயலி. வலைத்திரை மட்டும் ஓடினால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், ஒன்றும் ஓடாது. புதிய அட்டவணை தானாக நிறுத்திய நிலையில்தான் வரும், இயக்கிவிட வேண்டும்.

30 நாள் பேக்ஃபில் என்றால் இயல்பாக 30 தனி ஓட்டங்கள். ஒரே நேரத்தில் 10 வரை அனுமதிப்பதே தொடக்க அமைப்பு. 4 ஜிபி இயந்திரத்தில் அதை 2 ஆகக் குறைத்துவிடுங்கள், அல்லது முழு வரம்பையும் ஒரே ஓட்டமாக நடத்தும் பேக்ஃபில் கொள்கையைப் போடுங்கள்.

லூஜி, கெஸ்ட்ரா பற்றியும் சிலர் யோசிக்கலாம். ஸ்பாட்டிஃபையில் பிறந்த லூஜிக்குத் தானாக நேரம் பார்த்துக் கிளம்பும் வசதி இல்லை, கிரான்தான் எழுப்ப வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு வேண்டாம். கெஸ்ட்ராவில் வேலைகளை யாம்ல் என்ற எளிய உரை வடிவத்தில் எழுதலாம், பைத்தான் தெரியாத குழுவுக்கு வசதி. ஜாவாவில் ஓடுவதால் நினைவகம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | சிஸ்டம்டி டைமர் | ஏர்ஃப்ளோ | பிரிஃபெக்ட் | டாக்ஸ்டர் |
|---|---|---|---|---|
| விட்ட ஓட்டம் | ஒரே ஒருமுறை ஓட்டும் | கேட்ச்அப் போட்டால் ஒவ்வொன்றாக | 'லேட்' ஆகக் காத்திருந்து மொத்தமாக | வெறும் கட்டமாகத் தெரியும், தேர்ந்தெடுத்து ஓட்டலாம் |
| பாதியில் செத்தது | வெளித் தட்டு இருந்தால்தான் தெரியும் | சில நிமிடத்தில் தெரியும் | விதி எழுதாவிட்டால் தொங்கும் | கண்காணிப்பை இயக்கி வைக்க வேண்டும் |
| நேர மண்டலம் | கணினியின் நேரம் | பொது நேரம், மாற்ற வேண்டும் | பொது நேரம், மாற்ற வேண்டும் | பொது நேரம், மாற்ற வேண்டும் |
| 4 ஜிபி கணினி | தாராளம் | வேண்டாம் | கிளவுடோடு சேர்ந்தால் தாராளம் | வரம்பு கட்டினால் போதும் |
| பழைய மாதத்தை மறுபடி போட | ஸ்கிரிப்டில் நீங்களே | நன்று | சுற்றி ஓட்ட வேண்டும் | மிக நன்று |
| பழக | ஒரு நாள் | சில வாரம் | ஒரு நாள், இரண்டு நாள் | இரண்டு வாரத்துக்கு மேல் |

## விலைப்பட்டியலில் வராத செலவு

நான்கு மென்பொருளும் சொந்தக் கணினியில் இலவசம். செலவு வேறு இடத்தில் இருக்கிறது. யுபிஎஸ் கணினிக்கு மட்டும் போட்டுப் பயனில்லை, மோடமும் சுவிட்சும் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். மின்கலம் தீரும் முன் கணினியை ஒழுங்காக அணைக்க யுஎஸ்பி கம்பி வழியே யுபிஎஸ்ஸைக் கணினியோடு பேசவிடுங்கள். கரன்ட் வந்ததும் கணினி தானாக எழ, பயாஸில் அதற்கான அமைப்பை மாற்றுங்கள். இதை மறந்தால் ஞாயிற்றுக்கிழமை கரன்ட் வந்தும் திங்கள் காலை ஆள் வந்து பொத்தானை அழுத்தும்வரை எல்லாம் நிற்கும். டாக்கரில் ஓட்டினால் மறுதொடக்கக் கொள்கையை 'அன்லெஸ் ஸ்டாப்டு' என்று வையுங்கள்.

லாக் இன்னொரு மறைமுகச் செலவு. ஏர்ஃப்ளோவின் லாக்கும் டேட்டாபேஸும் சத்தமில்லாமல் வளர்ந்து வட்டை நிரப்பும். வட்டு நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் எழுத மறுக்கும், எல்லா வேலையும் ஒன்றாகத் தோற்கும். டேட்டாபேஸின் பழைய பதிவுகளை அழிக்கும் ஏர்ஃப்ளோவின் 'டிபி கிளீன்' கட்டளையை மாதம் ஒருமுறை ஓடும் வேலையாகவே போட்டுவிடுங்கள்.

## யாருக்கு எது

ஒரே தொழிற்சாலை, ஒரே கணினி, பத்துக்குக் குறைவான வேலைகள்: சிஸ்டம்டி டைமரும், விட்ட நாளைத் தானே தேடும் ஸ்கிரிப்டும். கூடலூர், பந்தலூர், மஞ்சூர் என்று மையங்கள் சிதறி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கணினி ஓடுகிறது, எல்லாவற்றின் நிலையையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்றால் பிரிஃபெக்ட். பட்டுவாடாக் கணக்கு, விலை மாற்றம், மறுகணக்கு, தணிக்கை என்று பழைய மாதங்களுக்கு அடிக்கடி திரும்ப வேண்டியவர்கள், கணக்கர் கையிலும் திரையைக் கொடுக்க விரும்புபவர்கள் டாக்ஸ்டர் பக்கம் போங்கள். இரண்டு வாரக் கஷ்டத்துக்குத் தகுதியானது. ஏர்ஃப்ளோவுக்கு, 16 ஜிபி சேவையகமோ கிளவுடோ, அதைப் பார்த்துக்கொள்ள முழுநேர ஆளோ ஏற்கெனவே இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாமல், பெயருக்காக அதை நிறுவுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

## முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை

பிடித்த இரண்டு கருவிகளில் இலை எடை வேலையை மட்டும் எழுதுங்கள். இரண்டையும் ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில், தனித்தனி டேட்டாபேஸில் ஓட்டுங்கள். மூன்றாம் நாள் மாலை 7 மணி 2 நிமிடத்துக்கு, வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது, கணினியின் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒழுங்காக அணைக்கக் கூடாது, பிடுங்கத்தான் வேண்டும். எஸ்எஸ்டியில் முக்கியமானது எதுவும் நகல் இல்லாமல் இருக்கக் கூடாது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த நாள் மாலை ஓட்டத்தையும் தவறவிட்டு, அதற்கடுத்த நாள் காலை பிளக்கை மாட்டுங்கள், மோடத்தை மட்டும் இன்னும் ஒரு மணி நேரம் அணைத்தே வையுங்கள். அதற்குப் பிறகு நெட் கொடுத்து, எதையும் தொடாமல் மதியம்வரை விடுங்கள். பிறகு மூன்றாம், நான்காம் நாட்களின் 12 மைய ஃபைல்களின் கடைசி வரியிலுள்ள மொத்தக் கிலோவை ஒரு தாளில் எழுதி, டேட்டாபேஸில் அந்தந்தத் தேதியின் கூட்டுத்தொகையோடு மையம் மையமாக ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் ஸ்கிரிப்டில் சாவி இல்லை. குறைந்திருந்தால் செத்த ஓட்டம் இன்னும் தொங்குகிறது. ஒரு தேதியில் கூடி இன்னொரு தேதியில் குறைந்திருந்தால், 'இன்றைய தேதி' என்ற அந்த வரி எங்கோ ஒளிந்திருக்கிறது.